கோழி முட்டைக்கு முக்கினால், முட்டை நின்றுபோனால்: மலையகத்து வீட்டுக்கோழிக் கேள்விகள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் கோடியில் நாலைந்து கோழி வைத்திருப்பவர்களுக்கும், டவுன் பக்கம் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கூடு அடித்து முட்டைக்காக வளர்ப்பவர்களுக்கும் எழுதியது இது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, அந்தப் பக்கம் பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எங்கே போனாலும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டைச் சிக்கலில் செத்துப்போகிற கோழிகளில் நிறைய, காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) ஓடுகிற அவசரத்தில் யார் கண்ணிலும் படாமல், மறுநாள் சாயந்தரம் "இது ஏன் ஒதுங்கி நிக்குது" என்று பார்க்கும்போது நேரம் கடந்துவிட்டதால் சாகின்றன. சாயந்தரம் கூட்டில் அடைக்கும்போது ஒவ்வொன்றையும் ஒருதரம் கையில் தூக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை முதல் நாளே தெரிந்துவிடும்.

முட்டை நின்றுவிட்டது. நோயா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூக்கிப் பாருங்கள். கொண்டை சிவப்பாக, நிமிர்ந்து, தொட்டால் சூடாக இருந்தால் அது முட்டை போடுகிற கோழி. வெளிறிச் சுருங்கியிருந்தால் முட்டை நின்றிருக்கிறது, அல்லது உண்ணியோ பூச்சியோ ரத்தத்தைக் குடிக்கிறது. அப்புறம் பின்பக்கம். முட்டை போடுகிற கோழியின் எச்சத் துவாரம் அகலமாக, ஈரமாக இருக்கும். போடாததில் சின்னதாக, காய்ந்து, சுருங்கி இருக்கும். அதன் ரெண்டு பக்கமும் கைக்குத் தட்டுப்படுகிற இடுப்பெலும்பு முனைகளுக்கு நடுவே ரெண்டு மூன்று விரல் வைக்க இடம் இருந்தால் முட்டை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரலுக்கு மேல் இடம் இல்லை என்றால் நின்றுவிட்டது.

நோயே இல்லாமல் நிற்கிற காரணங்களும் நிறைய. வருடத்துக்கு ஒருமுறை இறகு உதிரும், அந்த ரெண்டு மூன்று மாதம் முட்டையை எதிர்பார்க்கக்கூடாது, ஏனென்றால் தின்கிற சத்தெல்லாம் புது இறகுக்குப் போகிறது. அடை கிடந்தாலும் நிற்கும். நாயோ கீரியோ மரநாயோ ராத்திரியில் கூட்டைச் சுற்றி மிரட்டியிருந்தாலும், புதுக் கோழி ஒன்றைக் கொண்டுவந்து விட்டாலும், தீனைத் திடீரென்று மாற்றினாலும், ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தாலும்கூட நிற்கும். நன்றாகத் தின்று, கிளறி, சுறுசுறுப்பாகத் திரிகிற கோழி முட்டை போடாததற்குப் பயப்படத் தேவையில்லை. ஒதுங்கி, உப்பி, கண் மூடி நிற்கிற கோழிக்குத்தான் உடனே கை கொடுக்க வேண்டும்.

முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்பதற்கு என்ன அடையாளம்?

நெஞ்சை நிமிர்த்தி, பின்பக்கத்தைக் கீழே தாழ்த்தி, ஒரு மாதிரி நட்டுக்கு நிற்கும். வாலை மேலும் கீழும் அசைத்து முக்கும். முட்டை போடுகிற பெட்டிக்குள் போகும், வெளியே வரும், திரும்பப் போகும், ஆனால் முட்டை இருக்காது. தீன் தின்னாது. எச்சம் போகாது, அல்லது வெள்ளையாகக் கொஞ்சம் மட்டும் வடியும். சில கோழிகள் நொண்டும், சில காலை மடக்கி உட்கார்ந்தே விடும், காரணம் உள்ளே நிற்கிற முட்டை காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. கொண்டை கருநீலமாக மாறி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது.

கையால் பார்ப்பதென்றால், ஒருவர் கோழியைத் துணியில் சுற்றி அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் எச்சத் துவாரத்துக்குக் கீழே வயிற்றை மெல்லத் தடவிப் பார்க்கலாம். ஓடு கட்டிய முட்டை என்றால் கெட்டியாகக் கைக்குத் தெரியும். ஓடு கட்டாத தோல் முட்டை சிக்கியிருந்தால் இப்படித் தெரியாது, அதுதான் இதில் பெரிய சிக்கல். ஆகவே கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்பதற்காக முட்டை இல்லை என்று விட்டுவிடாதீர்கள், மேலே சொன்ன மற்ற அடையாளங்கள் இருந்தால் சிக்கியிருக்கிறது என்றே நினைத்து வேலையைத் தொடங்குங்கள்.

அடைக்கோழியோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அடைக்கோழி கிட்டே போனால் உறுமும், கொத்த வரும், நாளுக்கு ஒருதரம் எழுந்து தின்று பெரிய நாற்றமடிக்கிற எச்சம் போட்டுவிட்டுத் திரும்பப் போய் உட்காரும். முட்டை சிக்கிய கோழிக்கு உறுமுகிற சக்தி இருக்காது. இன்னொன்று, இன்னும் முட்டை தொடங்காத விடைக்கோழி ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தால் அது பெரும்பாலும் மாரெக்ஸ் என்கிற வைரஸ் நோய், அதற்கு மருந்து இல்லை, குஞ்சு பொரித்தவுடன் போடும் தடுப்பூசிதான் ஒரே வழி.

சரி, சிக்கியிருக்கிறது. இப்போது நான் என்ன செய்ய?

முதலில் சூடு. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ், நம்முடையதை விட அதிகம். நுவரெலியாவில் தை மாதத்துப் பனியில், அல்லது நாள் முழுக்க மழை கொட்டுகிற ஆடியில், நோய்ப்பட்ட கோழி தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே களைத்துவிடும். ஒரு பேசினில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு இளஞ்சூட்டில் தண்ணீர் எடுத்து, வயிறும் பின்பக்கமும் மூழ்கும்படி கோழியை உட்கார வைத்து, இருபது நிமிடம் வரை பிடித்துக்கொள்ளுங்கள். தலையும் நெஞ்சின் மேல்பாகமும் நனையக்கூடாது. தண்ணீர் ஆற ஆற ஒரு குவளை சூடு தண்ணீர் சேர்க்க வேண்டும், அதைக் கோழியின் மேல் ஊற்றாமல் ஓரமாக ஊற்றிக் கலக்குங்கள். எப்சம் உப்பு இருந்தால் ரெண்டு மேசைக்கரண்டி போடலாம், இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. பயந்து துள்ளுகிற கோழிகூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கி, சிலது தண்ணீரிலேயே தூங்கிவிடும். சதை தளர்வதற்கு அதுதான் வேண்டும்.

அடுத்தது கல்சியம். முட்டையை வெளியே தள்ளுகிற சதை சுருங்குவதற்கே கல்சியம் வேண்டும், அது ரத்தத்தில் குறைந்தால் கோழி எவ்வளவு முக்கினாலும் முட்டை நகராது. பார்மசியில் சாதாரணக் கல்சியம் மாத்திரை கிடைக்கும். ஒன்றைப் பொடி செய்து கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, சொண்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அது தானாக விழுங்கட்டும். தொண்டைக்குள் பீச்சினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். (வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையில் கை வைக்க வேண்டாம், அது அவளுக்கும் பிள்ளைக்கும் உரியது. கடையில் தனியாக வாங்குங்கள்.)

தண்ணீரிலிருந்து எடுத்ததும் நன்றாகத் துவட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் நம் குளிருக்குத் தாங்காது. பிறகு எச்சத் துவாரத்தின் ஓரத்தில் சுத்தமான விரலால் கொஞ்சம் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, ஒரு காட்போர்ட் பெட்டியில் பழைய துணி விரித்து, துணி சுற்றிய சூடு தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மேலே மூடி இருட்டாக்கி, யாரும் தொடாமல் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் விடுங்கள். காற்றோட்டம் மட்டும் இருக்க வேண்டும். அடுப்படியில் வைப்பவர்கள் விறகுப் புகை படாத மூலையாகப் பார்த்து வையுங்கள், கோழியின் நுரையீரல் புகையைத் தாங்காது. குடிக்கத் தண்ணீர் வையுங்கள், வீட்டில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இருந்தால் அதைக் கரைத்தும் வைக்கலாம். போடாவிட்டால் எல்லாவற்றையும் இன்னொருமுறை செய்யுங்கள்.

விரலை விட்டு எடுக்கலாமா? உள்ளேயே உடைத்துவிட்டால்?

வேண்டாம். இதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வேண்டாம். வயிற்றை அமுக்கிப் பிதுக்குவதும், விரலை விட்டு இழுப்பதும், குச்சியால் குத்தி உடைப்பதும்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய கோழிகளைக் கொல்கிற காரியங்கள். உடைந்த ஓட்டின் விளிம்பு முட்டைக் குழாயைக் கிழிக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் கசியும், அதில் கிருமி பிடித்தால் அப்புறம் கதை முடிந்தது. மிருக வைத்தியர் ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுத்து முட்டையைச் சுருக்குவார், அது பயின்ற கை செய்கிற வேலை. முட்டை துவாரத்தின் வாயிலேயே வெள்ளையாகத் தெரிகிறது என்றால் மட்டும், சுற்றிலும் வாசலின் தடவி, கோழி முக்கும்போது அந்த விளிம்புச் சதையை மெல்ல விலக்கிக் கொடுக்கலாம். இழுக்கக்கூடாது.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

ஒரு முட்டை உருவாகி வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதாவது சிக்கிய முட்டைக்குப் பின்னால் அடுத்தது வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. காலையில் கண்டால் அன்றைக்குள் போட்டாக வேண்டும். முழுதாக அடைபட்ட கோழி ஒரு நாள், ரெண்டு நாளில் செத்துவிடும். ரெண்டு தடவை சூடு தண்ணீரில் வைத்தும் அசையவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே மிருக வைத்தியரைப் பாருங்கள். அவரிடம் கல்சியம் ஊசியும், சதையைச் சுருங்கவைக்கிற ஹோர்மோன் ஊசியும் இருக்கும்.

ஏன் சிக்குகிறது?

கல்சியக் குறைவு முதல் காரணம். கொழுப்பு ரெண்டாவது. மிச்சச் சோறு, ரொட்டித் துண்டு, தேங்காய்ப் புண்ணாக்கு, குறுணல் என்று அன்போடு அள்ளிப் போடுகிற வீடுகளில் கோழி கொழுத்து, வயிற்றுக்குள் கொழுப்பு அடைத்து, முட்டை வருகிற வழி ஒடுங்கிவிடுகிறது. ஈரல் கொழுத்து உள்ளே ரத்தம் கசிந்து திடீரென்று சாகிற கோழிகளும் இந்த வகைதான். அப்புறம் வயது வருமுன்னே முட்டை தொடங்கிய விடைக்கோழி, ரெட்டைக்கரு முட்டை, குடல்பூச்சி, ஓட இடமில்லாமல் குறுகிய கூட்டிலேயே அடைந்து கிடப்பது. முட்டை போட ஒதுக்கமான இடம் இல்லாததால் அடக்கி வைத்துக்கொள்கிற கோழியும் உண்டு, அதற்கு ஒரு பழைய பெட்டியில் வைக்கோலோ காய்ந்த மானாப் புல்லோ போட்டு இருட்டான மூலையில் வைத்தால் போதும்.

ஒருமுறை சிக்கிய கோழிக்கு மறுபடி சிக்க வாய்ப்பு அதிகம். அதைக் கூட்டத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்சியத்துக்கு என்ன கொடுப்பது? தோட்டத்து டொலமைட் போடலாமா?

டொலமைட் வேண்டாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது மண்ணுக்குப் போடுகிற அந்த மாவில் கல்சியத்தோடு மக்னீசியமும் நிறைய இருக்கிறது, அது கோழிக்கு வயிற்றோட்டத்தைக் கொடுத்து முட்டை ஓட்டையும் மெலிதாக்கும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் வேண்டாம், வாயையும் தீன்பையையும் வேகவைத்துவிடும்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தின்பதில் பாதி அளவுதான் உடம்பில் சேர்வதால், தினமும் போடுகிற கோழிக்கு நாளுக்கு 4 கிராம் போல உள்ளே போக வேண்டும். கடையில் விற்கிற லேயர் தீனில் (முட்டைக்கோழித் தீனில்) 3.5 முதல் 4 சதவீதம் கல்சியம் சேர்த்திருப்பது இதற்காகத்தான், நாளுக்கு 110 கிராம் அளவு தின்றால் கணக்குச் சரியாகிவிடும். சோறு, குறுணல், சோளம், தவிடு எதிலும் கல்சியம் அனேகமாக இல்லை. ஊர்க்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை போட்டுவிட்டு அடைக்குப் போய்விடுகிறது, அதனால் புழு பூச்சி, கீரை கிளறித் தின்று சமாளித்துவிடும். வருடத்துக்கு 300 முட்டைக்குக் கிட்டப் போடுகிற பிரவுன் லேயர் கோழியை அதே சோற்றில் வளர்த்தால், அது தன் எலும்பைக் கரைத்து நமக்கு முட்டை தருகிறது. காலில்லாமல் விழுகிறவரைக்கும் தரும். அதை நினைத்தால் எனக்கு மனசு தாங்காது. ஆகவே லேயர் கோழி வாங்குகிறவர்கள் லேயர் தீனுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தீன் கடைகளில் சிப்பித் தூள் கிடைக்கும். மாவாக இருப்பதை விட அரிசி அளவு நொய்யாக இருப்பது நல்லது, அது இரைப்பையில் தங்கி ராத்திரி முழுவதும் மெல்லக் கரையும், ஓடு கட்டுவதும் ராத்திரியில்தானே. தீனோடு கலக்காமல் ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும், முக்கியமாகச் சாயந்தரம். சிப்பி கிடைக்காத இடத்தில் வீட்டு முட்டைக் கோதைக் கழுவி, சட்டியில் நன்றாக வறுத்து, கோது என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுக்கலாம். குஞ்சுக்கும் இன்னும் முட்டை தொடங்காத விடைக்கும் இதெல்லாம் கூடாது, அதிகக் கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கல்சியம் இருந்தும் உடம்பில் ஏற விற்றமின் டி வேண்டும், அது வெயிலில் கிடைக்கிறது. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வைகாசியிலிருந்து வாரக்கணக்கில் மழை, கோழியைத் திறந்துவிடவே முடியாது. அந்த மாதங்களில் வெறும் சோற்றுத் தீனில் இருக்கிற கோழிகளுக்கு ஓடு மெலிவது அதனாலும்தான். ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தாலும் திறந்துவிடுங்கள்.

தோல் முட்டை போடுகிறது. ஆபத்தா?

புதிதாகத் தொடங்கிய விடை முதல் சில நாட்கள் ஒன்றிரண்டு போட்டால் கவலைப்பட வேண்டாம், தானாகச் சரியாகும். இறகு உதிர்ந்து முடிந்து திரும்பத் தொடங்கும்போதும் அப்படித்தான். பயந்து நேரத்துக்கு முன்னே போட்டுவிடுவதும் உண்டு. தொடர்ந்து போட்டால் மேலே சொன்ன கல்சியம், வெயில் ரெண்டையும் பாருங்கள். ரெண்டும் சரியாக இருந்து, பல கோழிகள் ஒரே நேரத்தில் வெளிறிய ஓடும் தோல் முட்டையுமாகப் போடத் தொடங்கினால் அது வைரஸ் நோயாக இருக்கலாம். தாரா வழியாக வருகிற முட்டை குறைவு நோய் ஒன்று இருக்கிறது, கோழி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், முட்டை மட்டும் கெடும். தாராவையும் கோழியையும் ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தில் விடாமல் இருப்பது நல்லது.

தோல் முட்டையைச் சாப்பிட வேண்டாம். ஓடு இல்லாததால் கிருமி எளிதாக உள்ளே போகும்.

பின்னால் சிவப்பாகச் சதை தள்ளிக்கொண்டு நிற்கிறது, மற்றக் கோழிகள் கொத்துகின்றன.

உடனே பிரித்து எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சிவப்பைக் கண்டால் கோழி கொத்தும், கொத்தத் தொடங்கினால் குடலையே இழுத்துப் போட்டுவிடும். கொதித்து ஆறிய அரை லீட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, அந்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் சதையைக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் எச்சம், மண், இறகு எல்லாம் போக வேண்டும். வீங்கியிருந்தால் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தோ, நல்ல தேனையோ மேலே பூசிப் பத்து நிமிடம் விட்டால் நீரை உறிஞ்சி வீக்கம் இறங்கும். கழுவிவிட்டு, கையைச் சுத்தம் செய்து, விரலில் வாசலின் தடவி மெல்ல உள்ளே தள்ளி ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்ப வெளியே வரும். திரும்பத் தள்ளுங்கள். உள்ளே முட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம், இருந்தால் அது வந்த பிறகுதான் சதை நிற்கும்.

பிறகு நாலைந்து நாள் தனியாக, நாளின் பெரும்பகுதி இருட்டில் வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும், புண் ஆறும் வரைக்கும் முட்டை வராமல் இருப்பது நல்லது. தண்ணீரை நிறுத்தக்கூடாது. சதை கறுத்துவிட்டது, நாறுகிறது, கிழிந்திருக்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. மண்ணெண்ணெய், மஞ்சளும் மிளகாயும் அரைத்த சாந்து, இதெல்லாம் அந்தப் பச்சைச் சதையில் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வயிறு பெருத்துத் தொங்குகிறது, கைக்குத் தண்ணீர் அசைவது தெரிகிறது. முட்டை இல்லை.

இது வேறு நோய். மஞ்சள் கரு முட்டைக் குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து, அதில் கிருமி வளர்ந்து, வயிற்றில் நீர் கட்டுகிறது. வயதான லேயர் கோழிகளுக்கு அதிகம் வரும். சுடு தண்ணீரும் கல்சியமும் இதற்கு ஒன்றும் செய்யாது. தொடக்கத்திலேயே வைத்தியரிடம் போனால் அன்டிபயோட்டிக் கொடுத்துப் பார்ப்பார், நீரை எடுத்து மூச்சைச் சுலபமாக்குவார், ஆனால் முழுதாகத் தேறுவது குறைவு. உண்மையைச் சொல்வதுதான் நல்லது.

கறிக்கு வளர்க்கும் வெள்ளைக் கோழியை முட்டைக்கு வைத்திருந்து அதற்கு வயிற்றில் நீர் கட்டினால் அது முட்டையால் இல்லாமல் இருக்கலாம். வேகமாக வளர்கிற அந்த இனத்துக்கு, நுவரெலியா மாதிரி 1,800 மீற்றருக்கு மேல் உயரமான இடத்தில் ஒட்சிசன் போதாமல் இதயம் களைத்து வயிற்றில் நீர் சேரும்.

முட்டைக்குப் பதிலாக ரப்பர் மாதிரிக் கட்டி ஒன்று வந்தது.

முட்டைக் குழாயில் அழற்சி வந்து, சீழ் அடுக்கடுக்காக இறுகி வெளியே வருகிறது. வெட்டினால் உள்ளே படலம் படலமாக இருக்கும். யாரும் சாப்பிடக்கூடாது, நாய்க்கும் போடக்கூடாது. கோழி சுறுசுறுப்பாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள், முடிந்தால் அந்தக் கட்டியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ரத்தப் புள்ளி, ரெட்டைக் கரு, கோலிக்குண்டு அளவு முட்டை?

மூன்றுக்கும் பயம் வேண்டாம். கரு விடுபடும்போது சின்ன ரத்தக் குழாய் ஒன்று வெடித்தால் உள்ளே ரத்தப் புள்ளி, எடுத்துப் போட்டுவிட்டுச் சமைக்கலாம். மற்ற ரெண்டும் புதுக்கோழிகளில் சகஜம். ஓட்டின் வெளியே ரத்தம் தடவியிருந்தால் மட்டும் பின்பக்கத்தைப் பாருங்கள், கிழிசலோ கொத்துக்காயமோ இருக்கும்.

ஓடு சுருங்கி வரிவரியாக இருக்கிறது, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது.

தும்மல், சளி, மூக்கு ஒழுகல் கூட இருந்ததா? அப்படியென்றால் புரொங்கைடிஸ் என்கிற வைரஸ் முட்டைக் குழாயைத் தாக்கியிருக்கிறது. கோழி பிழைக்கும், முட்டை சில நேரம் பழைய தரத்துக்கு வராது. பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகி, அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினால் அது ரானிக்கெட் என்கிற வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசிதான், வந்த பிறகு மருந்து இல்லை. செத்ததை ஓடையில் போடாமல் ஆழமாகப் புதைத்து, கோழி வாங்குவது விற்பது எல்லாவற்றையும் நிறுத்தி, வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். பக்கத்து லயத்துக் கோழிகளுக்காகவும்தான்.

குளிர் காலத்தில் முட்டை குறைகிறதே, கூட்டுக்குள் பல்ப் போடலாமா?

இறகு நிறைந்த வளர்ந்த கோழியைக் குளிர் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. ஈரமும், படுக்கிற இடத்தில் நேராக அடிக்கிற காற்றும்தான் செய்யும். தரை நனைந்து எச்சம் ஊறினால் அமோனியா நெடி, ரத்தக் கழிச்சல், காலில் புண் எல்லாம் வரும். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, மேல்பக்கம் காற்று வெளியேற இடம் விட்டு, மரத்தூளை அடிக்கடி மாற்றுங்கள். தீன் மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த தீன், அதிலும் சோளமும் புண்ணாக்கும், ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்துகிற பெரிய எதிரி. பூஞ்சண வாடை வந்தால் காயவைத்தும் கொடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, லேயர் கோழிக்கு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் இருந்தால் முட்டை நன்றாக ஓடும். இலங்கையில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், மலையில் பனிமூட்டம் அதையும் மங்கலாக்குகிறது. விடியற்காலையில் ரெண்டு மணி நேரம் சின்ன பல்ப் ஒன்று உதவும். ஆனால் லயத்தில் இழுத்த வயரில், மரத்தூளுக்கு மேல் பல்ப் தொங்கவிட வேண்டாம். ஒரு காம்பராவில் பிடித்த தீ முழு லயத்தையும் எப்படி எடுக்கும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாலு முட்டைக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

அடையை எப்படிக் கலைப்பது?

குஞ்சு வேண்டுமென்றால் கருவுள்ள முட்டையை வைத்து 21 நாள் விட்டுவிடுங்கள், அதுதான் நல்லது. வேண்டாமென்றால், அடியில் கம்பிவலை உள்ள கூட்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனும் தண்ணீரும் வைத்து, வெளிச்சத்தில் மூன்று நான்கு நாள் வையுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்றுப் பட்டால் அடைச்சூடு தணிந்துவிடும். தண்ணீரில் முக்குவது, இறகை மூக்கில் குத்துவது எல்லாம் வதை. நம் குளிரில் தண்ணீரில் முக்கினால் கோழி செத்தும் போகும்.

கொண்டை சிவப்பாக இருக்கிறது, இடுப்பெலும்பும் விரிந்திருக்கிறது, முட்டையை மட்டும் காணோம்.

தேயிலைச் செடிக்குள் பாருங்கள். பெரும்பாலும் காலையில்தான் முட்டை போடும், ஆகவே பத்து மணி வரைக்கும் கூட்டில் அடைத்து வைத்தால் கூட்டிலேயே போடும். பெட்டியில் ஒரு பொய் முட்டை வைத்தால் சீக்கிரம் பழகும். மலையில் மருந்து அடிக்கிற நாட்களில் கோழியைக் கட்டாயம் அடைத்து வையுங்கள்.

பெட்டியில் ஓடும் ஈரமும் மட்டும் கிடந்தால் கோழியே குடிக்கிறது, அல்லது காகம். கோழி குடிக்கத் தொடங்குவது பெரும்பாலும் மெல்லிய ஓடு தற்செயலாக உடைந்து ருசி கண்டபிறகுதான், எனவே சிப்பி கொடுங்கள், முட்டையை அடிக்கடி எடுங்கள், பெட்டியை இருட்டாக்குங்கள். கருவாட்டுத் தலையை வறுத்துப் பொடித்துக் கொஞ்சமாகச் சேர்த்தால் புரதக் குறையும் தீரும், ஆனால் உப்பு போக ஊறவைத்துக் கழுவிய பிறகு.

மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

அன்டிபயோட்டிக் கொடுத்தால், எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் ஒதுக்க வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு அந்த நாட்கள் முடியும் வரை சாப்பிடக்கூடாது, விற்கவும் கூடாது. பூச்சி மருந்துக்கும் இது பொருந்தும். வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரையைக் கோழிக்குக் கணக்கில்லாமல் கொடுப்பது வேண்டாம். கல்சியம், ஜீவனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு கோழிக்காக மிருக வைத்தியரிடம் போவதா? என்ன சொல்வது?

போகலாம், போக வேண்டும். பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது, மாடு ஆட்டுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையும் உண்டு. ரானிக்கெட் தடுப்பூசி பற்றியும் அலுவலகத்திலேயே கேளுங்கள். நாலைந்து வீடுகள் சேர்ந்து கேட்டால் ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் போட்டுக்கொள்ளலாம்.

போகுமுன் இவற்றைச் சொல்லத் தயாராக இருங்கள்: கோழியின் வயது, இனம், கடைசியாக எப்போது முட்டை போட்டது, அதன் ஓடு எப்படி இருந்தது, என்ன தீன் தின்கிறது, எச்சம் என்ன நிறம், நீங்கள் இதுவரை என்ன கொடுத்தீர்கள். சிங்களத்தில் பேசத் தயங்குகிறவர்கள் முட்டை, எச்சம், பின்பக்கம் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும். கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாமல், துளை போட்ட பெட்டியில் துணி விரித்து, சூடு தண்ணீர்ப் போத்தலோடு கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.